மாமியார் சொன்ன பதில்

அந்த மாலையில் எங்கள் வீட்டு ஹால் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்ததாகவே இன்றும் எனக்கு ஞாபகம். வெளியே ரப்பர் மரங்கள் மேல் மழை. உள்ளே சபைப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாட்டு எங்கோ தூரத்திலிருந்து வந்தது. மின்விசிறி மெல்ல இறங்கி என் முகத்துக்கு மேலே நின்றது, பிறகு திரும்ப மேலே போனது. எனக்குப் பயமே இல்லை. உடம்புதான் என் பேச்சைக் கேட்கவில்லை.

முந்தின நாள்தான் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தேன். குலசேகரம் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டர், "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுதியளா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்ல டாக்டரே. இவளுக்கு ஒரு தலவலி கூட வராது."

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பேசவிடுகிற வழக்கமே கிடையாது. கூட வந்தவர்தான் பேசுவார். அன்று அது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். துபாயில் இருக்கும் கணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்தால் ஊர் அதைப் பைத்தியத்துக்கான மருந்து என்றுதான் சொல்லும். டாக்டர் ட்ரமடால் என்ற வலி மாத்திரையை எழுதிக்கொடுத்தார். அதையும் விழுங்கினேன், வழக்கமானதையும் விழுங்கினேன்.

ஜெபத்தின் நடுவில் கால்கள் தாமாகத் துள்ளின. தாடை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, நைட்டி வியர்வையில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணீரோடு, "பாருங்க, பரிசுத்த ஆவியானவர் இறங்குதாரு!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இறங்குகிறவர் முழங்காலில்தானா இறங்குவார்?

மாமியார் மட்டும் பாட்டை நிறுத்திவிட்டு என் நெற்றியைத் தொட்டார். அனலாய்க் கொதித்தது.

"ஜெபத்த போற வழியில பண்ணலாம். ஆட்டோவ விளியுங்க" என்றார்.

அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். நான் நாக்கைப் புரட்டுவதற்குள் மாமியார் மறுபடியும் முந்திக்கொண்டார்.

"மனசுக்கு ஒரு மாத்திரை தின்னுதா டாக்டரே. ஒரு வருசமாட்டு." அதன் அட்டையையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

டாக்டர் முகம் மாறியது. உடனே வலி மாத்திரையை நிறுத்தி என்னைப் படுக்கவைத்தார். இரண்டும் தனித்தனியே நல்ல மருந்துகள்தானாம். ஆனால் மூளையில் ஒரே ரசாயனத்தைத்தான் இரண்டும் ஏற்றுமாம். சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், வலிப்பு; இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். மனசுக்கான மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்றும், அதைக் கொடுத்த டாக்டரிடம் அவரே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருந்தது. சுவர்கள் மெல்ல மெல்லத் தம் இடத்துக்குத் திரும்பின.

"ஒங்களுக்கு எப்பம் தெரியும் மாமி?"

"தொடக்கத்துலயே தெரியும். அத தின்னத் தொடங்கின பொறவுதான் நீ சிரிக்கத் தொடங்குன. நீ மறைச்ச. ஒனக்கு வெக்கமா இருக்கும்னு நானும் மறைச்சேன்."

அவர் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்க மானத்த காப்பாத்தப் போயி ஒன்னையே பறிகொடுக்கப் பாத்தேனே மக்கா."