அரை மொட்டை

கஜபதி ஆதிகேசவனின் சட்டையைப் பின்கழுத்தில் பற்றி இழுத்தான். பித்தான்கள் தெறித்தன. ஆதிகேசவன் கையில் சவரக்கத்தி இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஆர்.கே.பேட்டை நெசவாளி சடகோபனின் தலை பாதி மழிக்கப்பட்டிருந்தது.

“பாருங்கய்யா! வெறும் உடம்போட சிரைக்கிற மலையில இவன் ஏன் சட்ட போட்டுகினு வர்றான்னு தெரியுதா? குட்டம்!”

மார்பிலும் தோளிலும் அரிசியளவில் மஞ்சள் கட்டிகள். மீசை முளைத்த வயதில் வந்தவை. போன ஆடியில் ஒருத்தன் முகம் சுளித்த பிறகுதான் சட்டை. இப்போது மலைக்கோயிலின் முடியிறக்கும் கொட்டகையே விலகி நின்றது. படியேறி வருகிறவர்கள் முதலில் உட்காரும் இடம் ஆதிகேசவனுடையது. கஜபதி அவன் அக்காள் பூவம்மாளின் புருஷன். யுத்தம் முடிந்ததிலிருந்தே அந்த இடத்தின்மேல் கண்.

“எழுந்து போடா. உன் கத்தி அடப்பத்தையும் எடுத்துகினு போ.”

“யோவ், என் தலைக்கு இன்னா வழி?” என்று சடகோபன் கத்தினான். நேர்ந்த முடியில் எந்தக் கத்தி பட்டதோ அதுவே முடிக்க வேண்டும் என்பது கொட்டகை வழக்கம். “குட்டக்காரன் கையால முடிக்கவும் மாட்டேன், இப்பிடியே ஊருக்குப் போவவும் மாட்டேன். நட, டாக்டர்கிட்ட.”

அரை மொட்டை முன்னால் இறங்க, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஆதிகேசவன் பக்கத்தில் யாரும் நடக்கவில்லை.

மிஷன் வைத்தியசாலையில் டாக்டர் பிரபுதாஸ் ஒரு கட்டியை ஊசியால் குத்தினார். ஆதிகேசவன் துள்ளினான்.

“வலிக்குதில்ல? குட்டம்னா மரத்திருக்கும்.” பிதுக்கினார். எண்ணெய்போல வந்தது, நாற்றமில்லை. “கொழுப்புக் கட்டி. ஒட்டாது, கெடுதலும் இல்ல. புத்தகத்துல படிச்சதோட சரி, இப்பத்தான் ஆள்மேல பார்க்கிறேன். குடும்பத்துல யாருக்காவது இருக்கா? இருந்தா சந்தேகமே இல்ல.”

“நைனாவுக்கு இருந்திச்சிங்க.”

“செத்தவர சாட்சிக்குக் கூப்புடறான்!” என்றான் கஜபதி.

ஆதிகேசவன் அவனைப் பார்த்தான். அக்காளோடு வருஷக்கணக்காக ஒரே பாயில் படுக்கிறவனுக்குத் தெரியாததல்ல.

“அக்காவுக்கு முதுகெல்லாம் இருக்குது. கட்டிகினவரு, பாவாவையே கேளுங்க.”

பின்னாலிருந்து கொட்டகைக்காரன் வேடியப்பன் சிரித்தான். “இன்னா கஜபதி, ஊட்லயே வெச்சிகினுதான் ஊரக் கூட்டினியா?”

கஜபதி மச்சான் முகத்தில் காறித் துப்பிவிட்டு வெளியேறினான்.

“தொடச்சிக்க,” என்றான் சடகோபன். “வந்து மீதியச் செரை. வெயில் ஏறுது.”

மறுநாள் கிருத்திகை. ஆதிகேசவன் சட்டையில்லாமல் தன் இடத்தில் உட்கார்ந்தான். சிலர் அவனிடம் தலை கொடுத்தார்கள். சிலர் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் போனார்கள். கஜபதி வரவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போனபோது பூவம்மாள் துணிமூட்டையோடு அடுப்பருகே இருந்தாள். அவளை விரட்டிவிட்ட கஜபதி பிள்ளைகளை அனுப்பவில்லை. அவள் தம்பிக்குச் சோறு போட்டாள். முந்தானையை முதுகைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவன் தின்றுவிட்டு மறுபடி மலையேறினான்.