மதகு இல்லாத தண்ணீர்

கடலூர் துறைமுகத்தில் இப்போது சிமெண்டுத் தளம், ஐஸ் கம்பெனி, வரிசையாக விசைப்படகுகள். ஈரக் கயிற்றின் வாடை மட்டும் மாறவில்லை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது; தொப்பை மட்டும் கூடவே வந்தது.

அன்று இது வெறும் மணல்மேடு. இரண்டு மரப்படகுகள் கிடந்தன. திருநாவலூர் ஏரியைவிடப் பெரிய தண்ணீர் கிடையாது என்று அப்பா சொல்லியிருந்தார். அதை நம்பி நான் பள்ளியில் அடிதடியே நடத்தியிருந்தேன். அவரும் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். ஏரிப் பாசனக்காரர், கரை நெடுகக் கண்ணால் துழாவினார். பிறகு வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்.

"ஏங்க, இம்மாந் தண்ணிக்கு மதகு எங்க வச்சிக்கிறாங்க?"

"மதகா? அதெல்லாம் இல்லீங்க. தொறந்தே கெடக்கு."

"அப்பறம் எப்பிடிங்க வத்தாம நிக்குது?"

வலைக்காரர் சிரித்துவிட்டார். அப்பா தோற்றுவிட்டாரோ என்று பயந்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் தோள் துண்டை எடுத்து, சாமி முன்னால் கட்டுவதுபோல் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஏரி சின்னதுதான்டா," என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

"இன்னாப்பா தேடிக்கினு இருக்க?" என்றாள், இப்போது என் பக்கத்தில் நின்ற மகள்.

கடலைப் பற்றி ஓர் அலமாரி புத்தகம் படித்தவன், செருப்பைக் கையில் பிடித்தபடி மதகைத் தேடிக்கொண்டிருந்தேன்.