கிட்டாருக்குள் கொஞ்சம் வள்ளத்து நீலம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கிட்டார் மறுபடியும் இரைய ஆரம்பித்தது. சென்னையில் என் அறைக்கு ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி இருக்கும்; ஆனால் பிளக் பாயிண்ட்டுக்கு மட்டும் குறைவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம், வடைச்சட்டியில் எண்ணெய் காய்கிற மாதிரி. கம்பியில் கை வைத்தால் அடங்க வேண்டும். அடங்கவில்லை. கிட்டாரைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு நீலம்.

அந்த நீலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அதற்குள் ‘அந்தக் காலத்தில்’ என்று ஆரம்பிக்க எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, அந்தக் காலம் அவ்வளவு சீக்கிரமாகப் போய்விட்டது.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் டீச்சர்கள். மகள் காலேஜில் சேர்ந்ததற்காக என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். எலக்ட்ரிக் கிட்டார் என்றேன். “கோயில்ல வாசிக்கதுக்கா, கூத்தடிக்கதுக்கா?” என்று அம்மா கேட்டாள். எங்கள் ஊரில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பெயர். கோயிலில் வாசிப்பதற்குத்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். இருக்கிறதிலேயே விலை குறைந்த ஒன்று வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், நல்ல பளபளப்பு. தள்ளி நின்று பார்த்தால் பெரிய பெரிய ஆட்கள் மேடையில் மாட்டியிருப்பதன் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். கிட்டே வந்தால் ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை என்பது தெரிந்துவிடும்.

எலக்ட்ரிக் கிட்டாருக்குக் காது அதன் நெஞ்சில் இருக்கிறது. கம்பிகளுக்கு அடியில் சின்னச் சின்னக் காந்தங்கள். அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி. அதற்குப் பெயர் பிக்கப். மேலே கம்பி அதிர்ந்தால் அதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். நல்ல பிக்கப் தன் வேலையைப் பார்க்கும். என் கிட்டாரில் இருந்ததோ ஊர் வம்பு முழுக்கக் கேட்கிற காது. டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், மைக் ஒயர் எல்லாம் பேசுவதைச் சேர்த்துப் பிடித்து ‘உம்ம்ம்’ என்று இரைந்துகொண்டே இருக்கும். பாட்டு நடக்கும்போது தெரியாது. பாட்டு நின்றால்தான் வினை.

எங்கள் கோயிலில் ஆராதனை முடிவில் ஒரு மௌன ஜெபம் உண்டு. முழங்கால் போட்டுத் தலை குனிந்திருக்கிற நேரம், இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். அந்த அமைதியில் என் கிட்டார் மட்டும் ‘உம்ம்ம்’. பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்கிற குமிழைத் திருகினேன். மலிவுக் குமிழ், வாங்கின நாளிலிருந்தே அதன் தொண்டை சரியில்லை. ‘கறமுற கறமுற’ என்று முறுக்கு தின்கிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. முன்வரிசைக் குழந்தைகள் முழங்காலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்தன.

பாடகர் குழுவை நடத்துவது என் பெரியப்பா. கோபத்தைக் குரலில் காட்டமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார்.

“ஏளா, கர்த்தர் பேசுத நேரத்துல உன் பெட்டி பேசுது.”

“சரி பண்ணிருதேன் பெரியப்பா.”

“கேரல் ஆராதனைக்கு முந்தி சரி பண்ணு. இல்லன்னா கீபோர்டு வச்சு ஆரம்பிச்சுக்கிடுதோம்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கேரல் ஆராதனையின் முதல் பாட்டுக்கு விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. கிறிஸ்துமஸ் மரத்துச் சீரியல் பல்பு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு சின்னப்பிள்ளை தனியாகப் பாட ஆரம்பிக்கும். கூட ஒரே ஒரு வாத்தியம்தான். அந்த வருஷம் அது என் கிட்டார் என்று முடிவாகியிருந்தது. காலேஜில், பஸ்ஸில், குளிக்கும்போதுகூட என் விரல்கள் அந்தப் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தன. அது கைவிட்டுப் போவதா? அதுவும் கீபோர்டுக்கா?

காலேஜ் தூத்துக்குடியில். லேபில் என் ஜோடி ஜெனிட்டா, தெரேஸ்புரத்துக்காரி. அவள் அப்பாவுக்குக் கடலில் மீன் பிடிக்கப் போகச் சொந்தமாக ஒரு மர வள்ளம் இருந்தது. கையில் சால்டரிங் அயர்ன் பிடித்தால் பேனா பிடித்தது மாதிரி இருக்கும் அவளுக்கு. எனக்கோ பாம்பைப் பிடித்தது மாதிரி. நான் வீடியோ பார்த்து, படித்து, எல்லாவற்றையும் ஒப்பிக்கிற ஆள். என் ஒப்புவித்தலைக் கேட்டு முடித்துவிட்டு அவள் கேட்டாள்:

“இம்புட்டும் பேசுதியே, ஒயர எப்ப வாங்குவ?”

ரெட்டைக் காயில் பிக்கப்புகள் வரவழைத்தேன். பழையது உட்கார்ந்திருந்த அதே குழியில் உட்காரும். உள்ளே ஒரு சுற்றுக்குப் பதில் எதிரெதிராக இரண்டு சுற்று. வெளியிலிருந்து வருகிற இரைச்சலை ஒன்று கூட்டினால் மற்றது கழித்துவிடும். புதுக் குமிழ்கள், புது ஸ்விட்ச், ஒயர் எல்லாம் வாங்கியாயிற்று. பார்சல் வரத்தான் தாமதம். வந்து சேர்ந்தபோது கேரல் ஆராதனைக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

மறுநாளே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குக் காலை பஸ்ஸில் ஏறினேன். ஆத்தூரில் வெற்றிலைக் கட்டுகள் ஏறின. வைக்க இடமில்லாமல் ஒரு கட்டை என் கிட்டார் பையின் மேலேயே சாய்த்துவிட்டார் ஒரு அண்ணாச்சி. “உள்ள என்ன பிள்ள, வீணையா?” “கிட்டாரு.” “ரெண்டும் ஒண்ணுதான?” என்று முடித்துவிட்டுத் தூங்கிப்போனார். அந்தப் பையில் வெற்றிலை வாசனை ரொம்ப நாள் இருந்தது. இப்போது மோந்து பார்த்தால் ஒன்றுமில்லை. போன வாரமும் மோந்து பார்த்தேன், சிரிக்காதீர்கள்.

ஜெனிட்டா வீட்டில் முதலில் கண்ணில் படுவது நீலம். வருஷத்துக்கொரு தடவை வள்ளத்தைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள். டின்னில் மிச்சம் இருப்பதைக் கொட்ட மாட்டார்கள். வீட்டில் இரும்பாக எது இருக்கிறதோ அதற்கெல்லாம் பூசி முடித்தால்தான் அந்த நாள் முடியும். ஜன்னல் கம்பி நீலம், கேட் நீலம், வாளிப் பிடி நீலம், சைக்கிளின் செயின் கவர் நீலம், குசினிக் கதவின் தாழ்ப்பாள் நீலம். உப்புக்காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது, அதனால் அதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தெருவின் பழக்கம். சாமிபடம் மாட்டியிருந்த ஆணிக்குக்கூட நீலத் தலை.

குசினியில் மேசையைக் காலி பண்ணினோம். சமையலறையைக் ‘குசினி’ என்று அவள் சொன்னதை முதல் வருஷம் நான் கேலி பண்ணியிருக்கிறேன்; இப்போது சென்னையில் நானே சொல்லி, கூட இருப்பவர்கள் என்னைக் கேலி பண்ணுகிறார்கள். அவள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஈயத்தைத் தொட்டதும் ஒரு புகை சுருண்டு வந்தது. குங்கிலிய வாசனை. எனக்கு அது எலக்ட்ரானிக்ஸ் லேபின் வாசனை. அவளுக்கு அது வள்ளத்தின் பலகை இடுக்கில் குங்கிலியம் காய்ச்சி அடைக்கிற வாசனை. அவள் அம்மாவோ எட்டிப் பார்த்து, “கோயில் மணம் அடிக்கி” என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

பழைய பிக்கப்புகளை எடுத்தோம். புதியதை வைத்தோம். எந்த நிற ஒயர் எங்கே போகும் என்று நான் வாசிக்க வாசிக்க அவள் பற்றவைத்தாள். பின்பக்கக் குழியில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். கம்பிகளின் இழுப்புக்கு எதிர் இழுப்பாக ஸ்பிரிங்குகள் அதன் கொக்கிகளில்தான் மாட்டியிருக்கும். எர்த் ஒயரையும் அதில்தான் பற்றவைக்க வேண்டும். அந்தத் தகட்டில் லேசாகத் துரு ஏறியிருந்ததை ஜெனிட்டா பார்த்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்த என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அதைத் தனியாகக் கழற்றித் தேய்த்து, ஒயரைப் பற்றவைத்து, அப்புறம்… நீங்களே ஊகித்திருப்பீர்கள். வெயிலில் காயவைத்து அவள் கொண்டுவந்தபோது அது பளிச்சென்று வள்ளத்து நீலத்தில் இருந்தது.

“எப்படி? இனி எந்தக் காத்தும் தொடாதுலா.”

அழகாகத்தான் இருந்தது. நானும் ரசித்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி ஆம்ப்ளிஃபயரைப் போட்டோம். ‘உம்ம்ம்’ போயிருந்தது. கட்டிப்பிடித்துக் குதித்தோம். குதித்து முடித்த பிறகுதான் காதில் விழுந்தது, மெல்லியதாக, ‘ஸ்ர்ர்ர்’. கம்பியில் கை வைத்தேன். நிற்கவில்லை. ஃபேனை நிறுத்தினோம், ஃப்ரிட்ஜை நிறுத்தினோம், அவள் அம்மாவிடம் திட்டு வாங்கினோம். ஒவ்வொரு பற்றையும் திரும்பத் தொட்டுப் பார்த்தோம். மல்டிமீட்டரை ஒயரில் வைத்துத் தகட்டில் பற்றவைத்த இடத்தைத் தொட்டால் ஒழுங்காகக் ‘கீ’ என்றது; இணைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசி பஸ்ஸைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தேன். பெரியப்பா கண்ணாடி துடைப்பதும் தெரிந்தது.

“பேசாம ஒங்க கோயில்ல எல்லாரையும் சத்தமா ஜெபம் பண்ணச் சொல்லு,” என்றாள் ஜெனிட்டா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மல்டிமீட்டர் முனையை எடுத்து ஒவ்வோர் இடமாக, சும்மா, விரக்தியில் தொட்டுக்கொண்டே வந்தாள். தகட்டில் பற்றவைத்த இடம்: கீ. ஸ்பிரிங்: சத்தமில்லை. கிட்டார் கம்பி: சத்தமில்லை. மறுபடி ஸ்பிரிங். சத்தமில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏளா… பெயிண்ட்டு.”

கொக்கியின் உள்வளைவு வரைக்கும் ஒரு நூல் இடம் விடாமல் பூசியிருந்தாள். உப்புக்காற்று நுழையாத இடத்தில் மின்சாரம் மட்டும் எப்படி நுழையும்? எர்த் ஒயர் தகடு வரைக்கும் வந்து, ஸ்பிரிங் வழியாகக் கம்பிக்குப் போய்ச் சேராமல், நீலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

உப்புத்தாளை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சுரண்டினா அங்கனதான் துரு ஏறும்.”

“ஏறட்டும். எனக்கு நாளைக்கு வேணும்.”

“நாளைக்கு மட்டுமா வாசிக்கப் போற?”

அவள் அப்பா உள்ளே வந்து எங்கள் இழுபறியைப் பார்த்தார். “என்ன பிள்ளைகளா, ஒரு உப்புத்தாளுக்கா கட்டிப் புரளுதிய?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் தண்ணீர் குடித்துப் போனார். அவர் போனதும் ஜெனிட்டாவே உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள். ஸ்பிரிங் உட்காருகிற இடத்தில் மட்டும், குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் சுரண்டினாள். வெள்ளி மினுங்கியது. மாட்டினோம். கம்பியில் கை வைத்தேன். அமைதி. குசினிக்கு வெளியே யாரோ வலை இழுத்துப் போகிற சத்தம்கூடக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் அவளும் நாசரேத்துக்கு வந்தாள். “ஒங்க கோயில்ல சாம்பிராணியே கிடையாதா?” என்று காதில் கேட்டுவிட்டு, என் கண்ணில் படுகிற மாதிரி ஓரத்தில் உட்கார்ந்தாள். விளக்குகள் அணைந்தன. சீரியல் பல்பு எனக்குப் பக்கத்திலேயே மினுக்கியது, இரைச்சல் கிளப்புவதில் அதைப்போல் கிட்டாருக்கு எதிரி கிடையாது. முதல் சுரத்தை மீட்டினேன். அது தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அடங்கின பிறகு எதுவும் இல்லை. அந்த ‘எதுவும் இல்லை’யில் பிள்ளை பாட ஆரம்பித்தாள். ஜெனிட்டாவைப் பார்த்தேன். மெழுகு கையில் வழிவதுகூடத் தெரியாமல் ஆம்ப்ளிஃபயரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் பெரியப்பா வந்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. “இன்னைக்கு ஒன் பெட்டி மரியாதையா இருந்துச்சி,” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒருவரும் வாங்கியதில்லை.

இப்போது அந்தக் கோயிலில் டியூப்லைட் கிடையாது. எல்லாம் எல்.இ.டி. முதல் பாட்டுக்கு இசை லேப்டாப்பிலிருந்து வருகிறது. தப்பே வராது, இரைச்சலும் வராது. பெரியப்பா ஓய்வெடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருகிறார். ஜெனிட்டா கொச்சியில் கப்பல் ரேடியோக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாள்.

போன ஞாயிறு அவளுக்குப் போன் போட்டேன்.

“மறுபடி இரையுது.”

“தகட்டுல துருவா? எங்கன?”

“நாம சுரண்டின இடத்துல. அங்கன மட்டும்.”

சிரித்தாள் பாருங்கள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. “சொன்னேன்லா! சொன்னேனா இல்லையா?” சிரிப்பு அடங்கின பிறகு, “மத்த இடத்துல நீலம் அப்படியே இருக்கா?” என்று கேட்டாள்.

“அப்படியே இருக்கு.”

“போட்டோ அனுப்பு. அப்பாட்ட காட்டணும்.”

ஏன் என்று கேட்டேன். அந்த மர வள்ளத்தைப் போன வருஷம் பிரித்துவிட்டார்களாம். இப்போது ஃபைபர் படகு. அதற்குப் பெயிண்ட் வேண்டாம். டின் வாங்குவதில்லை, மிச்சமும் இல்லை. ஜன்னல், கேட் எல்லாம் வீட்டை இடித்துக் கட்டினபோது போய்விட்டன. புதியவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில், தூத்துக்குடியிலிருந்து அவள் அப்பா பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஒரு இருமல், அப்புறம் நாலைந்து வார்த்தைகள்.

“நம்ம நீலம்தான். அதச் சுரண்டிராத பிள்ள.”

கையில் எடுத்து வைத்திருந்த உப்புத்தாளைத் திரும்ப மேசை இழுப்பறையில் போட்டேன். தகட்டில் இருந்த எர்த் ஒயரோடு இன்னொரு துண்டு ஒயரைச் சேர்த்து, நீலத்தைத் தொடாமல் தாண்டிக் கொண்டுபோய், நேராக ஸ்பிரிங்குகளின் மறுமுனை மாட்டியிருக்கிற இரும்பில் பற்றவைத்தேன். என் பற்றவைப்பு இன்னும் அவலட்சணம்தான். அறை முழுக்கக் குங்கிலிய வாசனை. கம்பியில் கை வைத்தேன். இரைச்சல் நின்றது. மூடியை மாட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை உள்ளே பார்த்துக்கொண்டேன்.