சகலை வீட்டுக் கிணறு

சர்க்கார் தரிசு நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சீட்டுப் போட்ட அன்று முதலில் எடுத்தவர் கல்லுக்காரர்தான். அப்போது அவருக்கு அந்தப் பெயர் கிடையாது. கூட வந்திருந்த சகலை, "மூத்தவர் நீங்க, நீங்களே முதல்ல எடுங்கண்ணே" என்று ஒதுங்கி நின்றார். தன் கையாலேயே எடுத்த சீட்டில் இவருக்கு விழுந்தது கல்லும் சரளையுமான எட்டு ஏக்கர். சகலைக்குப் பக்கத்து நிலம். நடுவில் ஒரு வரப்புதான். அங்கே பதினெட்டு அடியில் தண்ணீர் வந்தது. இங்கே நாற்பது அடி தோண்டியும் கடப்பாரை மழுங்கியதுதான் மிச்சம்.

புதரை வெட்டி, வீடு கட்டி, ஐந்து வருடம் தொடர்ந்து குடியிருந்து பயிர் செய்தால் பட்டா என்பது சர்க்கார் நிபந்தனை. இவர் பொறுக்கிய கல்லை அடுக்கியே வீடு கட்டினார், ஆட்டுப்பட்டி கட்டினார். அப்படியும் கல் தீரவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவி தினமும் இரண்டு நடை தங்கை வீட்டுக் கிணற்றுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடிக்கும்போது அவருக்குத் தொண்டை குளிர்ந்தது, வயிறு எரிந்தது.

"சித்தப்பா வீட்டுல ஆசை தீரத் தண்ணி ஊத்திக் குளிக்கலாம்ப்பா" என்று ஒருநாள் மகள் ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"அப்ப அங்கயே இருந்துக்க."

அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் வருடம் சகலையின் மனைவிக்கு உடம்பு மோசமாகி, குடும்பத்தோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை அவர்களுடைய மாட்டைக் கறந்தவரும் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியவரும் இவர்தான். மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டு, கணுக்கால் நனைய நின்றுகொண்டு, ஒருமுறை "என் வயல்" என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். கொழுந்தியாள் உயிர் பிழைத்து வண்டியிலிருந்து இறங்கிய அன்று, இனி அந்த மடையைத் திறக்க முடியாதே என்பதுதான் அவர் மனதில் முதலில் தோன்றியது. பிறகுதான் வெட்கம் வந்தது.

ஐந்தாம் வருடம் பட்டாவுக்கான விசாரணைக்கு நில அதிகாரி வந்தார். சகலை சந்தைக்குப் போயிருந்தார்.

"பக்கத்து நிலத்துக்காரர் நடுவுல எங்கயாவது போயிருந்தாரா?"

"ஏழு மாசம் டவுன்ல இருந்தாங்க."

எதற்காக என்று அதிகாரி கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பொய்யொன்றும் சொல்லவில்லையே என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார். இவருக்குப் பட்டா வந்தது. சகலைக்கு வந்த கடிதத்தில், குடியிருப்பு நடுவில் விட்டுப்போனதால் ஐந்து வருடத்தை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்றிருந்தது.

மனைவிக்கு விஷயம் தெரிய அரை நாள் ஆகவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"என் தங்கச்சி சாகக் கெடந்தாளே, அதுவும் உண்மைதான். அத ஏன் சொல்லல?" காலிக் குடத்தை அவர் முன்னால் வைத்தாள். "இனிமே தண்ணிக்கு நீங்களே போங்க. அவ மொகத்துல முழிக்க என்னால ஆகாது."

ஐந்து வருடத்தில் அந்தக் கிணற்றில் குடிதண்ணீருக்காக அவர் கயிறு பிடித்ததில்லை. போனபோது சகலை அங்கேதான் நின்றிருந்தார். சத்தம் போடுவார் என்று இவர் எதிர்பார்த்தார். போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"எடுத்துக்கங்க. குடிக்கிற தண்ணிய இல்லேங்க மாட்டேன். பேச்சு மட்டும் வேண்டாம்" என்றார் சகலை.

மூன்று நாள் குடம் சுமந்தார். நாலாம் நாள் விடிந்ததும் நில ஆபீசுக்கு நடந்தார். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

"அந்த ஏழு மாசமும் குடும்பத்து ஆளா நின்னு நான்தான் பயிர் பாத்தேங்க. அந்தம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நிலம் ஒருநாளும் சும்மா கெடக்கல."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

கல்லுக்காரர் தன் உடைந்த நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பொறாமைங்க" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலைநிமிர்ந்து, "சார், அதையும் எழுதணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றார் அதிகாரி.

இரண்டு மாதத்தில் சகலைக்கும் பட்டா வந்தது. பேச்சு வரவில்லை. அக்காளும் தங்கையும் பழையபடி ஒட்டிக்கொண்டார்கள். மகள் வரப்பைத் தாண்டித் தாண்டி இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாள். ஆம்பிளைகள் இருவர் மட்டும் எதிரெதிரே வந்தால் குனிந்து செருப்பைப் பார்த்தபடி கடந்தார்கள். பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் சாயங்காலம் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"அண்ணே, உங்க ஆடு எங்க வெங்காயத்துல மேயுது. ஓட்டிட்டுப் போங்க."

கல்லுக்காரர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். வரப்பைத் தாண்டும்போது கால் இடறியதுகூடத் தெரியவில்லை. ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்போதுதான் குனிந்து பார்த்தார். வெங்காயம் ஒவ்வொன்றும் கை கொள்ளாத அளவுக்குப் பருத்திருந்தது.

"நல்லா வந்திருக்கு" என்று சகலையிடம் சொன்னார். சொல்லும்போதே வயிறு எரிந்தது.