ஆமென் இல்லாத மெட்டு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு கோடையில், செவிலியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு என் மகள் வீடு திரும்பினாள். பிரசவ வார்டில் கண்ணெதிரே ஒரு தாய் இறந்ததிலிருந்து அவளுக்கு உறக்கம் வரவில்லை. கதவு தட்டப்பட்டாலும் நடுங்குவாள். மருந்துக்கு அடங்காத அந்த நடுக்கம், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பழைய வீடியோ கேம் ஒன்றில் அடங்கியது. அதில் எதிரிகள் நுழைய முடியாத ஓர் அறை உண்டு. தன் வீரனை அங்கே நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். ஒரு மெல்லிய பியானோ இசை சுழன்று சுழன்று ஒலிக்கும். அதைக் கேட்டபடியே பாயில் கண்ணயர்வாள்.

ஒருநாள் மின்னழுத்தம் எகிறி அந்தக் கருவி கருகியது. ஆம்பூரிலும் வேலூரிலும் தேடினேன். அந்த விளையாட்டு கிடைக்கவில்லை. உறக்கமும் போயிற்று. அடுத்த முறை வருவதற்குள் தூங்காவிட்டால் வார்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். அவள் சீருடையோடு நடந்த அதே மருத்துவமனை அது. “அங்க எல்லாருக்கும் என்னத் தெரியும்ப்பா” என்றாள்.

நான் தோல் தொழிற்சாலையில் அளவெடுக்கும் பிரிவில் இருந்தேன். இசையை முறையாகப் பயின்றவன் அல்லன். ஆலயப் பாடகர் குழுவில் டோ, ரே, மி எழுத்துகளைப் பார்த்துப் பாடியும், பியானோ வாசிப்பவர் வராத ஞாயிறுகளில் தட்டுத் தடுமாறி வாசித்தும் தேறியவன். மாதக்கணக்கில் காதில் விழுந்த மெட்டை அவ்வெழுத்துகளிலேயே ஒரு நோட்டில் எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காக எங்கள் மதிய இடைவேளை நீளும். அந்நேரத்தில் ஆயரிடம் சாவி பெற்று, அதைப் பியானோவில் பழக ஆலயத்துக்கு விரைவேன். “இன்னா சார், எங்களோட சேந்து நீங்களும் ஜும்மா ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று உடன் வேலை செய்த இஸ்லாமிய நண்பர் கேலி செய்தார். சிரித்துவைத்தேன். தோலைப் புரட்டித் தடித்த விரல்கள் ஒரே சமயத்தில் இரண்டு கட்டைகளை அழுத்தின. வலக்கை பழகினால் இடக்கை மறந்தது. மூன்று வெள்ளிகள் கடந்தன.

மருத்துவரைப் பார்க்க இரண்டு நாளே இருந்த சனிக்கிழமை மாலை அவளை ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன். முதல் பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்தாள். நான்காம் அடியில் அவள் தோள்கள் தளர்வதைக் கண்டேன். மெட்டின் கடைசி அடி வந்தது. ஆண்டாண்டாக ஒவ்வொரு கீதத்தின் இறுதியிலும் செய்ததை என் கைகள் தாமே செய்தன: வேகத்தைக் குறைத்து, ஆமெனுக்குரிய இரண்டு சுரக்கூட்டுகளை நீட்டி அழுத்தின.

அவள் விருட்டென்று எழுந்தாள். உடல் முழுதும் நடுங்கியது.

“ஏம்ப்பா முடிச்சிட்ட? அது முடியாதுப்பா. முடிஞ்சா நான் அந்த ரூமை விட்டு வெளிய வந்துட்டேன்னு அர்த்தம்.”

அருகில் வந்து, கடைசிச் சுரத்திலிருந்து எந்தக் கட்டைக்குத் திரும்ப வேண்டும் என்று தொட்டுக் காட்டினாள். மீண்டும் தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் ஆமென் விரல்நுனி வரை வந்தது. பல்லைக் கடித்து விலக்கினேன். எத்தனை சுற்று என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவள் பெஞ்சில் சாய்ந்து உறங்கிப்போயிருந்தாள். ஒத்திகைக்கு வந்த பாடகர் குழுவினர் வாசலிலேயே நின்றுவிட்டனர். நிறுத்த அஞ்சினேன். இடக்கை மரத்து, ஒரு கட்டை தவறியது. அவள் விழித்துக்கொண்டாள்.

திங்களன்று மருத்துவர் எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று கேட்டார். இரவு முழுதும் என்ற பொய் நாவில் இருந்தது. மகள் என்னையே பார்த்தாள். முக்கால் மணி நேரம் என்றேன். எழுதிக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம், அதற்குள் மாற்றமில்லையேல் வேறு வழியில்லை என்றார். தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லி அனுப்பிவிட்டு, அவளை நேரே ஆலயத்துக்கு அழைத்துப் போனேன்.