கப்பல் தச்சர் காயவைத்த தாள்கள்

'பசை அக்கா' என்றதும், ஆவணக் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரோ வசதியான பெண்மணி என்று நினைத்துக்கொள்வார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் கோதுமை மாவைக் காய்ச்சி ஆறவைத்த பசைதான். கிழிந்த தாள்களின் முதுகில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாளை வைத்து, அந்தப் பசையால் ஒட்டிப் பிழைக்கவைப்பது அவள் வேலை. அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பைண்டிங் தைத்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தை மூடிய சமயத்தில் காப்பகத்தில் ஆள் கேட்டார்கள். வந்து உட்கார்ந்தவள்தான், அந்த ஜன்னலோர மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அவளிடம் வருவதெல்லாம் அந்தக் காலத்துப் பயணிகளின் கடிதங்களும் நாட்குறிப்புகளும். பாலைவனத்தைக் கடந்தவர்கள், பனியில் மாட்டிக்கொண்டவர்கள், துணி மூட்டையோடு ஊர் ஊராக அலைந்தவர்கள் என்று எத்தனையோ பேர். அவளோ பஸ் ஏறினால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுகிறவள். கணவர் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர் என்பதுதான் வேடிக்கை. "ஊரையே ஏத்திட்டுப் போறேன், கட்டினவள ஏத்த முடியல" என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இத்தனை பேருடைய பயணம் கையில் புரண்டும் அவள் எதையும் படித்ததில்லை. படிக்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும், கை நின்றால் பசை காய்ந்துவிடும். எழுத்து என்றால் அவளுக்கு மையின் கறுப்பு, அவ்வளவுதான். மை கசியுமா, கசியாதா என்று மட்டும் பார்ப்பாள்.

ஒரு விடுமுறை முடிந்து காப்பகத்தைத் திறந்தபோது மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. கூரை வழியாக இறங்கிய தண்ணீர் ஓர் அலமாரியின் மேல்தட்டில் நேராக விழுந்திருந்தது. மற்ற பெட்டிகள் ஓரளவு தப்பிவிட்டன. ஒன்று மட்டும் உள்ளே குளமாகிக் கிடந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு கப்பல் தச்சர் எழுதிய நாட்குறிப்பு அதில் இருந்தது.

காப்பக அதிகாரி அவளைவிட வயதில் சின்னவர். பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இத காப்பாத்த முடியுமா?"

"தாள் தாளாப் பிரிக்கணும் மேடம். மை நல்லா புடிச்ச மைதான், ஓடல. ஆனா அவசரப்பட்டா தாள் கையோட வந்துடும்."

முதலில் தையலை அறுத்தாள். யாரோ கைக்கு வந்தபடி தைத்த முரட்டுத் தையல், கயிறு மாதிரி தடித்த நூல். பிறகு எலும்பில் செய்த மழுங்கிய கத்தியை நுழைத்து, ஒரு தாளைத் தூக்கி, ஒற்றுத்தாளில் கிடத்தினாள். அது தண்ணீரை உறிஞ்சும்வரை காத்திருக்க வேண்டும். பசைக்கு வேலையில்லை, கைக்கும் வேலையில்லை. கண் தானாக எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

தச்சர் பெரிய விஷயம் எதையும் எழுதியிருக்கவில்லை. எந்தப் பலகை முனகுகிறது, எந்த இடுக்கில் தண்ணீர் கசிகிறது, தார் பூசினால் எத்தனை நாள் தாங்கும், இவ்வளவுதான். நடுநடுவே, கரை கண்ணில் படாத நாட்கள். 'இன்றும் தண்ணீர்தான்' என்று ஒரு பக்கத்தில் ஒரே வரி, மீதியெல்லாம் வெற்றுத் தாள். அத்தனை பெரிய கடலை எழுத அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி.

தாள்களின் மேல்மூலையில், ஒரே இடத்தில், ஊசி நுழைந்த மாதிரி ஓட்டை இருந்தது. பூச்சி அரித்ததில்லை, பூச்சிக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. பாதிப் புத்தகம் தாண்டியதும் ஓட்டை நின்றுபோனது. ஓட்டையில்லாத முதல் தாளை எடுத்து வைத்துவிட்டுப் படித்தாள்.

'புயலில் அலை உள்ளே புகுந்து என் பெட்டி நனைந்துவிட்டது. இந்தப் புத்தகம் ஊறிய ரொட்டிபோல் ஆயிற்று. சமையல்காரர் அடுப்பருகே இடம் கொடுத்தார். தாள் தாளாகப் பிரித்து, பாய்மரத் துணி தைக்கும் ஊசியால் கோத்துத் தொங்கவிட்டேன். அவசரப்பட்டால் கிழிகிறது. காய்ந்தபின் புதுத் தாளும் சேர்த்து, பாய் தைக்கும் நூலால் மறுபடி தைத்திருக்கிறேன். அழகாயில்லை. ஆனால் நிற்கும்.'

சற்று முன் அவள் அறுத்துப் போட்ட முரட்டு நூல் மேசையோரத்தில் கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரிக்குக் குரல் கொடுத்தாள்.

அதிகாரி வந்து படித்தார். இன்னொரு முறை படித்துவிட்டு, நாற்காலி பக்கத்தில் இருந்தும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அப்போ இது ரெண்டாவது தடவ காயுது."

"ஆமா மேடம். அவரு பிரிச்ச தாளத்தான் நான் பிரிச்சிட்டிருக்கேன்."

"அவருக்கும் இதே பயம் இருந்திருக்கும்ல?"

"எனக்குக் கீழ தரை இருக்கு மேடம். அவருக்கு அதுவும் ஆடியிருக்குமே."

அன்று மாலை சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புத்தகம் தொடாத மனுஷர்.

"அடுப்புப் பக்கத்துல தொங்கவிட்டா பத்திக்காதா?"

"கப்பல்ல வேற சூடு ஏதுங்க?"

"அது சரி. கூடவே ஒக்காந்து காவல் காத்திருப்பாரு." குழம்பை ஊற்றிப் பிசைந்தார். "அத நான் பாக்கலாமா?"

அதிகாரியிடம் முன்பே அனுமதி வாங்கிவிட்டு, கணவரை அவருடைய ஓய்வு நாளில் கூட்டிப்போனாள். அதற்குள் தாள்கள் காய்ந்து, கனமான கண்ணாடிக்கு அடியில் தட்டையாகக் கிடந்தன. ஒரு தாளின் ஓரம் மட்டும் கூழாகிப் போயிருந்தது. அதை எண்ணி அவள் இன்னும் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

"கை கழுவிட்டு வாங்க. தொடக்கூடாது, ஆனா கழுவிட்டு வாங்க."

அவர் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார். படிக்கவில்லை. எழுத்தின் போக்கை மட்டும் விரலால் காற்றில் தொடர்ந்துகொண்டே போனார். நேராகப் போன வரிகள் ஓரிடத்தில் சரிந்தன, பிறகு நிமிர்ந்து மறுபக்கம் சாய்ந்தன.

"இங்க ரோடு மோசம்," என்றார் மெதுவாக. "இதோ, இந்த எடத்துல வண்டி தூக்கிப் போட்டிருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் தாளை மட்டும் பார்த்தவள். கடல் எப்படிப் புரண்டதோ அப்படியே அந்தக் கிறுக்கலில் படிந்திருந்தது. அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. ஆனாலும் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

"ஆளு வீடு போய்ச் சேந்தாரா?" என்று கேட்டார் கணவர்.

"சேந்துட்டாரு," என்றார் பின்னால் வந்து நின்ற அதிகாரி. "அவரோட கொள்ளுப்பேத்திதான் இத இங்க கொடுத்தாங்க. திரும்பி வந்து கதவு, ஜன்னல் செஞ்சு பொழச்சாராம். அப்புறம் கடல் பக்கமே போகலயாம்."

கணவர் தலையாட்டிவிட்டு அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தார். பசை அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள். பக்கத்தில் நின்றுகொண்டு, 'புயல் ஓய்ந்தது' என்று தொடங்கிய பக்கத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள்.