ராஜாவின் அறையில் இரண்டு குழந்தைகள்

பிணம் வைத்த இடத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதுவும் எப்படி? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பிப் போனேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனை வரை அழுதுகொண்டே போகலாம். அதோடு திரும்பிவிட வேண்டும். பெற்ற அப்பனானாலும் சரி, கட்டினவனானாலும் சரி. எகிப்தில் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது போலிருக்கிறது.

எழுபதுகளின் பின்பாதி. சூயஸ் கால்வாயை மறுபடி திறந்துவிட்டிருந்தார்கள். என் கணவர் சரக்குக் கப்பலில் செகண்ட் என்ஜினியர். தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருந்த குடும்பத்தில் முதன்முதலாகக் கடலுக்குப் போனவர். தூத்துக்குடியில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து என்னை அதில் உட்காரவைத்துவிட்டு, வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் இருப்பார். புதுத் துறைமுகம் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள், "இனிமே ஒனக்கு என்ன கவல, வீட்டு வாசல்லயே கப்பல் வந்து நிக்கும்லா" என்றார்கள். கப்பல்கள் வந்து நிற்கத்தான் செய்தன. அவருடைய கப்பலைத் தவிர.

எனக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அவர் இல்லாதபோதுதான். பெயர் வைக்கும் முன்பே ஆஸ்பத்திரியில் இறந்தும்போனது. மூச்சுத் திணறல் என்றார்கள். என் மாமனார் அன்று காலையில்தான் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். குழந்தையை ஒரு துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு வராந்தாவில் நடந்து போனதைக் கட்டிலில் இருந்தபடி பார்த்தேன். அவ்வளவுதான் நான் கண்டது. பால் வற்றுவதற்கு மாமியார் என் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு மல்லிகைப்பூவை நான் தலையில் வைத்ததில்லை. இன்றும் பூக்காரி கூடையை இறக்கினால் கனகாம்பரம்தான் வாங்குகிறேன்.

"பிள்ளைய எங்கன அத்தை வச்சாவ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கக் கூடாது. கேட்டா அடுத்தது வயித்துல தங்காது பாத்துக்க" என்றார் மாமியார்.

அழுதால் தங்காது, கேட்டால் தங்காது, ஒரு திசையையே பார்த்து நின்றால்கூடத் தங்காது. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு மூடவில்லை. மாப்பிள்ளையூரணிப் பக்கம் பஸ்ஸில் போனால், ரோட்டை ஒட்டிக் கிடக்கும் பொட்டலைப் பார்த்து, இங்கேயோ என்று தோன்றும். உப்பளத்துப் பாதையில் ஒரு மண்மேட்டைக் கண்டால், இதுவோ என்று தோன்றும். ஒரு ஊர் முழுவதையும் சந்தேகப்பட்டுக்கொண்டு அதே ஊரில் குடியிருப்பது லேசான காரியமில்லை. அந்த இடம் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு தடவை போய் நிற்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாசங்கள் கழித்து வந்த என் கணவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பயணத்தில் என்னையும் கப்பலில் கூட்டிப் போக அனுமதி வாங்கினார். ஆபீசர்கள் மனைவியைக் கூட்டிப் போவது உண்டு. "நாலு எடத்தப் பாத்தா மனசு மாறும்" என்றார். நாலு இடத்துக்கும் கூட்டிப் போகத் தயாராக இருந்தவருக்கு எனக்கு வேண்டிய ஓர் இடம் எது என்று கேட்கத் தோன்றவில்லை.

தூத்துக்குடி உரத் தொழிற்சாலைக்குப் பாஸ்பேட் பாறை ஏற்ற, செங்கடல் ஓரத்தில் ஒரு எகிப்துத் துறைமுகத்துக்குப் போனோம். ஏற்றி முடியப் பல நாள் ஆகும் என்றார்கள். தட்டில் சோற்றைப் போட்டால் அதன் மேலும் பாறைத்தூள் படிந்தது. பொழுது போகட்டும் என்று கப்பல் ஏஜெண்ட் ஒரு வேனைப் பிடித்துக் கொடுத்தார். ஒரே நாளில் ராஜாக்களின் கல்லறைகளையும் கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கேப்டனும் அவர் மனைவியும் முன்சீட்டில். நாங்கள் பின்னால்.

விடியும் முன்பே புறப்பட்டு மலையும் மணலுமாகப் போய், வெயில் ஏறியபோது நைல் நதிப் பக்கம் வந்தோம். கரும்பும் வாழையும் வாய்க்காலுமாகப் பச்சை. அந்தப் பச்சை முடிகிற இடத்தில் வெட்டிவிட்டாற்போலப் பாலைவனம். "நம்ம ஊர் மாதிரியே இருக்குல்லா!" என்று என் கணவர் வேன் ஜன்னலில் தலையை நீட்டிச் சந்தோஷப்பட்டார். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஊர் மாதிரி இருக்கும். ஊரில் இருக்கும்போதுதான் இருப்புக் கொள்ளாது.

ஆற்றைப் படகில் கடந்து அக்கரைக்குப் போனோம். அங்கே கைடு காத்திருந்தார். ஒல்லியான மனிதர், அந்த வெயிலிலும் கோட்டு. எதைச் சொன்னாலும் "என் நண்பர்களே" என்று தொடங்கித்தான் சொல்வார். சூரியன் மறைகிற மேற்குக் கரை செத்தவர்களுக்கு, உதிக்கிற கிழக்குக் கரை உயிரோடு இருப்பவர்களுக்கும் சாமிகளுக்கும் என்றார். புல் பூண்டு இல்லாத மலையிடுக்கு. மலையைக் குடைந்து குடைந்து ராஜாக்களைப் புதைத்திருந்தார்கள்.

முதல் கல்லறை வாசலில் என் கால் தானாக நின்றுவிட்டது.

"பொம்பளைக உள்ள போலாமா?" என்றேன்.

என் கணவர் சிரித்தார். "இது டூரிஸ்ட் எடம்ளா. டிக்கெட் எடுத்தாச்சு. வா, வா."

போனேன். படி இறங்க இறங்கச் சூடு ஏறியது. சுவரெல்லாம் நேற்று அடித்த பெயிண்ட் மாதிரிச் சித்திரங்கள். ராஜாவுக்கு அந்த உலகத்திலும் பசிக்கும் என்று ரொட்டி, வாத்துக் கறி, திராட்சை ரசம் எல்லாம் வைத்தார்களாம். உட்கார நாற்காலி, படுக்கக் கட்டில், வியர்த்தால் விசிறி, மாற்றிக் கட்ட உள்ளாடை. கைடு சொல்லச் சொல்ல என் கணவர் ஆச்சரியத்தில் உச்சுக்கொட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. கொள்ளிக்குடம் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வா என்று சொல்லுகிற ஊரிலிருந்து வந்தவருக்கு, இதில் என்ன இவ்வளவு ஆச்சரியம்?

பிறகு சின்ன வயதில் செத்துப்போன ஒரு ராஜாவின் கல்லறை. அது சிறியது. மஞ்சள் சுவரில் வரிசையாகக் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. கைடு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் நண்பர்களே, இந்த ராஜா இங்கே தனியாக இல்லை. பக்கத்து அறையில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் இரண்டு சின்னஞ்சிறு சவப்பெட்டிகள், பொன் பூசியவை. இரண்டும் பெண் குழந்தைகள். ராஜாவின் மகள்கள் என்கிறார்கள். பிறக்கும்போதே இறந்துவிட்டார்கள். பெயர்கூட வைக்கவில்லை. ஆனாலும் பெரியவர்களுக்குச் செய்வது போலவே மருந்திட்டு, துணி சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து அப்பாவோடு சேர்த்திருக்கிறார்கள்."

குழந்தைகளை இப்போது கெய்ரோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் சொன்னார். அது என் காதில் சரியாக விழவில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன், பெயரில்லாத பெண் பிள்ளைகளை எறிந்துவிடவில்லை. படியேறி வெளியே வந்து, பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கைடு தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நல்ல மனிதர்.

மற்றவர்கள் அடுத்த கல்லறைக்குப் போனதும் என் கணவரிடம் கேட்டேன்.

"நம்ம பிள்ளைய எங்கன வச்சிருக்கு?"

"இங்க வந்தா அதக் கேக்க?"

"இங்கதான கூட்டிட்டு வந்திய. யார் பெத்த பிள்ளையவோ வச்ச எடத்த டிக்கெட் எடுத்துக் காட்டுதிய. நான் பெத்தது கெடக்க எடம் எனக்குத் தெரியாண்டாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"அப்பாதான் எல்லாம் பாத்தாவ. நான் கேட்டுக்கிடல."

நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடலில் இருந்ததால் அவரால் வர முடியவில்லை, சரி. வந்த பிறகு இரண்டு மாசம் வீட்டில் இருந்தாரே! அப்பாவோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டாரே! ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? அவருக்குத் தெரியும், என்னிடம் மறைக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெரியவே தெரியாது என்பது அதைவிடக் கேவலமாக இருந்தது.

"ஊருக்குப் போனதும் அப்பாட்ட கேட்டு ஒன்னய நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியமா" என்றார். "இப்ப எந்திரி. கேப்டன் பாக்காரு."

மத்தியானம் படகில் திரும்பும்போது இன்னொரு சண்டை. கிழக்குக் கரையில் கோயில் பார்க்க வேண்டுமாம். சவம் வைத்த இடத்தில் காலையெல்லாம் சுற்றிவிட்டு, குளிக்காமல் கோயிலுக்குள் எப்படிக் கால் வைப்பது?

"அந்தச் சாமிய கும்பிடுதவங்க யாருமே இப்ப இல்ல. தீட்டு யாருக்கு ஒட்டப் போவுது?" என்றார் என் கணவர்.

"சாமி இல்லாட்டா எனக்கென்ன. எனக்குத் தீட்டு இருக்குல்லா."

இறங்கும் இடத்தில் நைலில் கணுக்கால் வரை நின்று, தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்துக்கொண்டேன். கேப்டனின் மனைவி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். என் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், யாரோ எவளோ என்பது போல. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அந்த நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

கோயிலில் தூண்கள், தூண்கள், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் வரை தூண்கள். ஒரு சுவரில் ஒரு தேவி ராஜாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ராஜா சின்னப் பிள்ளை இல்லை, தலையில் கிரீடத்தோடு இருந்தான். கைடு அதற்கும் ஏதோ விளக்கம் சொன்னார். நான் நகர்ந்துவிட்டேன்.

கப்பல் நிறைந்து தூத்துக்குடிக்குத் திரும்பியது. வழியெல்லாம் அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன எடுத்துப் போக வேண்டும் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். கொஞ்சம் பால், ஒரு புதுத் துணி. அங்கே போய் அழுவேனா, மாட்டேனா என்பதுதான் தெரியவில்லை.

மகன் வந்த சேதி கேட்டு மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். என் கணவர் கழுவி வந்த போட்டோக்களைப் பரப்பிவைத்துக்கொண்டு கைடு ஆகிவிட்டார். கோட்டு ஒன்றுதான் குறை. வாத்துக் கறி, நாற்காலி, உள்ளாடை எல்லாம் சொல்லி, கடைசியில் அந்தச் சின்ன ராஜாவுக்கு வந்தார். சொல்லாமல் விடுவார் என்று நினைத்தேன். சொன்னார். இரண்டு குழந்தைகள், பொன் பூசின பெட்டி, பெட்டிக்குள் பெட்டி.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏலே, எப்பேர்ப்பட்ட மனுசன்லே அவன்! பேரு வைக்காத பிள்ளையக்கூட பத்திரமால்லா வச்சிருக்கான்!" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் போட்டோக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். இவர் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

"நம்ம பிள்ளைய எங்கன மாமா வச்சிய?" என்றேன்.

"ஏளா, என்ன பேச்சு இது" என்று மாமியார் எழுந்திருக்கப் பார்த்தார். மாமனாருக்கு மட்டும் கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

"எனக்கு எப்படித் தெரியும் தாயி? குழி வெட்டுதவன் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னான். அவன் கையில குடுத்து விட்டேன்."

"நீங்க கூடப் போவலியா?"

"எப்படிப் போக? அன்னைக்கு நம்ம வயல்ல நடவுல்லா. நாத்தப் பறிச்சுக் கெட்டிப் போட்டுட்டுத்தான் பஸ் ஏறி வந்தேன். பேரு வைக்காத பிள்ளைக்குத் தீட்டு கெடையாது. ஆனா சுடுகாட்டுல கால் வச்சா உண்டு. அந்தக் காலோட போயி நாத்துல கை வைக்க முடியுமா? நேரா பஸ்ஸப் புடிச்சு வயலுக்கு வந்துட்டேன்."

எனக்குப் போக உரிமை இல்லை, போகவில்லை. போக உரிமை இருந்தவர்களும் போகவில்லை. என் பிள்ளை முன்பின் தெரியாத ஒருவன் கையில் தனியாகப் போயிருக்கிறது. எந்தப் பக்கம் என்று கைகாட்டக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை.

நான் ஒன்றும் பேசாததைப் பார்த்து, சமாதானம் ஆகிவிட்டேன் என்று மாமனார் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"அந்தத் தடவ மாதிரி நம்ம வயலு வெளைஞ்சதே கெடையாது. ஒனக்குக்கூட ஒரு மூட்ட அரிசி அனுப்பினேனே, சாப்பிட்டேல்லா?" என்றார்.

சாப்பிட்டிருந்தேன். புது அரிசி, வாசமாக இருந்தது. கேட்டு வாங்கி இன்னொரு மூட்டையும் சாப்பிட்டிருந்தேன்.